31-ஆம் நம்பர் மில்

நான் முதன்முதலாகப் போன மாநாட்டில் நான் கலந்துகொள்ளவே இல்லை. ரெக்கார்டுப்படி போனவர் எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், அகமதாபாத்தில் நடந்த கூட்டுத் தொழில்நுட்ப மாநாடு அது. அகமதாபாத் அட்டிரா, பம்பாய் பிட்ரா, எங்களூர் சிட்ரா, காசியாபாத் நிட்ரா ஆகிய நான்கு ஜவுளி ஆராய்ச்சிச் சங்கங்களும் சேர்ந்து முறைவைத்து நடத்துவது. மாஸ்டர் பேருக்கு மில் பணம் கட்டிவிட்டது, திரும்ப வராது. அந்த வாரம் பார்த்து அவருடைய கொழுந்தியாளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. "கட்டுன பணம் வேஸ்ட்டாகக் கூடாது" என்றார் மேனேஜர். மில்லில் வேஸ்ட் என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. கார்டிங்கில் விழும் குப்பையைக்கூட எடை போட்டு எழுதிவைக்கிற இடம் அது. ஆக, இரண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசராகிய நான் ஒரு வேஸ்ட் கண்ட்ரோல் நடவடிக்கையாக அனுப்பப்பட்டேன்.

கோட்டு, என் மச்சான் கல்யாணத்துக்குத் தைத்தது. தோள் அவர் அளவு, கை யார் அளவென்று தெரியவில்லை. மணிக்கட்டுக்கு மேல் இரண்டு அங்குலம் சட்டை வெளியே தெரிந்தது. நீலகிரி எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய், சென்ட்ரலில் அகமதாபாத் வண்டி மாறி, மூன்றாம் நாள் போய் இறங்கினேன். கட்டுச்சோறு இரண்டாம் நாள் மதியத்தோடு தீர்ந்தது. மடித்து வைத்தால் கசங்கிவிடும் என்று கோட்டை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டியிருந்தேன். எதிர்ச் சீட்டுப் பெரியவர் அது டி.டி.ஆர். கோட்டு என்று நினைத்து, நான் பாத்ரூம் போய்த் திரும்பும்போதெல்லாம் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

போன மாதம் போன மாநாடு என் வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி, அவிநாசி ரோட்டு நட்சத்திர ஓட்டலில். அதற்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. முதலில் ஆப் இறக்கச் சொன்னார்கள். இறக்கியதும் அது தினமும் காலையில் என்னை வரவேற்றது. 'உங்கள் பயணம் தொடங்குகிறது' என்று ஒருநாள் எழுதியது. நான் பீளமேட்டில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அகமதாபாத்தில் பதிவு மேசையில் ஒரு ரெக்சின் ஃபோல்டர் கொடுத்தார்கள். உள்ளே கட்டுரைப் புத்தகம், பேனா, சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை. அட்டையில் டைப் அடித்திருந்தது மாஸ்டர் பெயர். மாற்றித் தரச் சொன்னேன். மேசையிலிருந்த அம்மாள் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோட்டின் கையைப் பார்த்தார். "பட்டியலில் இவர்தானே இருக்கிறார்?" என்றார். ஆமாம். "அப்படியென்றால் நீங்கள் இவர்தான்." அரசாங்க ஆபீஸ்களில் பிற்பாடு எத்தனையோ பார்த்துவிட்டேன், அத்தனை சுருக்கமாக ஒரு மனிதனை முடித்துவைத்ததை வேறெங்கும் பார்க்கவில்லை. இரண்டு நாளும் யாராவது மாஸ்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று விநாடி கழித்துத் திரும்பினேன். காது கொஞ்சம் மந்தம் என்று பேராகிவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான். முப்பது வருஷம் ரிங் பிரேம் சத்தத்தில் நின்றவர் என்று நம்பி மரியாதை கொடுத்தார்கள். எனக்கு வயது இருபத்தெட்டு.

இப்போது அட்டையில் என் பெயரேதான். ஆனால் கழுத்தில் போடும் நாடா முழுக்க ஒரு மெஷின் கம்பெனியின் பெயர் அங்குலத்துக்கு அங்குலம் ஓடுகிறது. அட்டையில் பாதியை ஸ்பான்சர்கள் எடுத்துக்கொண்டார்கள், மீதியில் பாதியை க்யூ.ஆர். கோடு. என் பெயர் அடிவாரத்தில் எறும்பு வரிசைபோல் இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. கை குலுக்குவதற்குப் பதில் போனை நீட்டி மார்பில் ஸ்கேன் செய்தார்கள். மளிகைக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டுக்கு எப்படி இருக்குமென்று அன்று தெரிந்தது.

அகமதாபாத் அரங்கத்துக்கு வருகிறேன். விளக்கை அணைத்து ஸ்லைடு போட்டார்கள். நூறு கிலோ நூல் எடுக்க எத்தனை ஆள்-மணி ஆகிறது என்பதை ஹெச்.ஓ.கே. என்பார்கள். அதை நாற்பதாம் நம்பருக்கு மாற்றி ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் இருபதாம் நம்பர் ஓட்டுகிறவன் எண்பதாம் நம்பர் ஓட்டுகிறவனைப் பார்த்துச் சிரிப்பான். வெளியாட்களுக்கு: ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் நம்பர். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். மீதி நேரம் இங்கிலீஷும் இருட்டும் மூன்று நாள் ரயில் அலுப்பும் சேர்ந்து தாலாட்டின. மதியத்துக்கு முன்னால் நூல் அறுப்பு பற்றிய கட்டுரை வந்தபோதுதான் விழித்தேன்.

சங்கத்து ஆட்கள் மில்கள் எல்லாவற்றிலும் ஸ்டாப் வாட்சோடு போய் அறுப்பை எண்ணி, வரிசைப்படுத்தி, ஸ்லைடில் போடுவார்கள். ஆனால் மில் பெயர் இருக்காது. ஒவ்வொரு மில்லுக்கும் ஓர் எண், அது அந்த மில்லுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் எண் மேனேஜரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ஆனால் மேனேஜர் அறை ஃபேனுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஒருநாள் பறந்த காகிதத்தைப் பொறுக்கிக் கொடுத்தபோது பார்த்துவிட்டேன். 31.

ஸ்லைடில் இடப்பக்கம் நல்ல மில்கள், குட்டையான கட்டங்கள். நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு 7, 8, 9 அறுப்பு. வலப்பக்கம் போகப் போகக் கட்டங்கள் உயர்ந்தன. கடைசியில், மற்றதிலிருந்து கொஞ்சம் விலகி, ஊருக்கு வெளியே நிற்கும் பனைமரம்போல ஒன்று. அறுப்பு 24. அடியில் 31 என்று போட்டிருந்தது.

எங்கள் ரிஜிஸ்டரில் 11 என்று இருக்கும். எழுதுகிறவன் நான்தான்.

இதில் வேதனை என்னவென்றால், அந்த 24-ம் நாங்கள் ஜோடித்துக் கொடுத்தது. எண்ணுவதற்கு இரண்டு பையன்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் எண்ணப்போகிற பிரேமில் ஸ்பிண்டில் ஸ்பீடைக் குறைத்தோம். பிரேம் பார்க்கிற சைடர்களில் ஷிப்டிலேயே கைராசியான இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினோம். ஈரப்பதம் குறையாமலிருக்க, அடைத்துக்கிடந்த நாசில்களைக் குண்டூசியால் குத்திவிட்டோம். பையன்களுக்கு மணிக்கொரு டீயும் பன்னும் வந்தன. பன் சாப்பிடும் நேரத்தில் அறுந்ததை எண்ண முடியாதல்லவா? அவர்கள் ஒரு கையில் பன்னும் ஒரு கையில் அட்டையுமாக எண்ணியிருக்கிறார்கள்.

கட்டுரை படித்தவர் குச்சியை 31 மேல் வைத்து, "இந்த மில்லைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். சந்தேகம் வரக் கூடாதே என்று கொஞ்சம் உரக்கவே.

மதியச் சாப்பாட்டில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரே மேசையில் கூடினோம். பருப்பில் வெல்லம் போட்டிருந்தார்கள். அந்தத் துக்கமே போதுமானது. அதோடு குஜராத்தில் மதுவிலக்கு. இரண்டு சீனியர் மாஸ்டர்கள் பர்மிட் வாங்கும் வழி பற்றி, மாநாட்டில் எந்தக் கட்டுரைக்கும் காட்டாத அக்கறையோடு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருவர் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏந்தம்பி, அந்த முப்பத்தொண்ணு யாருன்னு தெரியுதுங்களா?"

"தெரியலைங்க."

"எதுத்தாப்புல மோர் குடிக்கறாரு பாருங்க. அவுரு மில்லுதான். நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க."

மோர் குடித்தவர் கை கழுவுமிடத்தில் என்னைப் பிடித்தார். சாய்ந்து பேசியவருடைய மில்தான் 31 என்று அடித்துச் சொன்னார். அங்கே பஞ்சு வாங்குகிற லட்சணம் தனக்குத் தெரியுமாம். சாயங்காலத்துக்குள் நான்கு மில்கள் 31 ஆகிவிட்டன. எங்கள் மில்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தலையாட்டினேன். அந்த எண்ணைக் கண்டு பயந்தவன் நான் ஒருவனல்ல என்பதும், ஸ்லைடைப் பார்த்ததும் அந்த மேசையில் ஒவ்வொருவருக்கும் அடிவயிறு ஒருமுறை கலங்கித்தான் இருக்கும் என்பதும் பிற்பாடு யோசித்தபோதுதான் பட்டது.

டீ இடைவேளையில் ஒரு மனிதர் வந்தார். நரைத்த மீசை, தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த பழைய சூட்டு. என் அட்டையைப் படித்துவிட்டு, "நீங்கள் இவரில்லையே" என்றார். "இவரும் நானும் பம்பாயில் ஒரே மில்லில் கார்டிங் பார்த்தோம். இவருக்கு மூக்கு இன்னும் பெரிது." நான் கப்பையும் சாசரையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். ஸ்பின்னிங் மாஸ்டர் என்று அச்சு. மில் பெயரின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கீழே பேனாவால் வீட்டு விலாசம்.

அவர் மில் பெயரை அடித்தது, 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய பம்பாய் மில் ஸ்ட்ரைக். தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த ஸ்ட்ரைக்கை முடித்துக்கொண்டதாக இன்றுவரை யாரும் முறைப்படி அறிவிக்கவில்லை என்று சொல்வார்கள். மில்களில் பல திறக்கவேயில்லை, அவருடையதும் அப்படித்தான். வேலை செய்கிற மில்காரர்கள் கூடும் இடம் இதுதான் என்று கைக்காசைக் கட்டி வந்திருந்தார். ஒவ்வொருவராகப் போய்ப் பேசிக் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்படியுமா ஒரு மனிதர் வலிய வந்து பேசுவார் என்று நினைத்தேன். நெட்வொர்க்கிங் என்ற சொல் அப்போது எங்களிடம் வந்திருக்கவில்லை. வந்திருந்தால் கூச்சப்பட்டிருக்க மாட்டேன்.

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு டிராவலரை எடுத்துக் காட்டினேன். ரிங் பிரேமில் நூலை நடத்திச் செல்லும் இரும்புக் கொக்கி அது, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 12,000 சுற்று சுற்றினால், 42 மில்லிமீட்டர் ரிங்கின் மேல் அது மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிக்கும். எங்களூர் சேரன் பஸ்கூட அந்த வேகம் போனதில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று மில்லில் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன். அவர் அதைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். இரண்டு முறை திருப்பினார். நூல் ஓடும் இடத்தில் மயிரிழைக்கு ஒரு பள்ளம். அதன் பக்கத்தில் நீலம் பாரித்திருந்தது.

"இது செத்து ஒரு மாசம் ஆகியிருக்கும்" என்றார். "பிணத்தை வைத்து ஓட்டுகிறீர்கள். எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுகிறீர்கள்?"

எங்கள் மில்லில் அறுந்து விழும்போது மாற்றுவோம். அதற்கு முன் மாற்றினால் வேஸ்ட்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. டிராவலரைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, தணிந்த குரலில், "முப்பத்தொன்றா?" என்றார்.

இரண்டு நாள் மாநாட்டில் நான் கற்றது அந்தப் பத்து நிமிஷம்தான். அதுவும் மாஸ்டர் பெயரில்.

இரண்டாம் நாள் ஊர் சுற்றிக் காட்டினார்கள். மில் முதலாளிகள் சங்கத்துக்காக லெ கொர்பூசியே கட்டிய கட்டிடத்தையும் அட்டிராவையும் பார்த்தோம். அட்டிரா 1947-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் அதை நடத்தியவர் விக்ரம் சாராபாய். பிற்பாடு ராக்கெட் விட ஏற்பாடு செய்தவர், அதற்கு முன் நூல் அறுப்பை எண்ண ஏற்பாடு செய்திருக்கிறார். எது கஷ்டம் என்று அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். சபர்மதிக்குக் கிழக்கே புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணிக்கொண்டே வந்த ஒருவர், பாதியில் புகை வரவில்லை என்றார். இன்றைக்கு லீவாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். அன்று புதன்கிழமை. உற்பத்தித் திறன் பற்றிய மாநாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள், அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

ஊர் திரும்பி ஐந்து பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். டிராவலரை நாள் கணக்கு வைத்து மாற்ற வேண்டும், செலவு இவ்வளவு, அறுப்பு குறைவதால் மிச்சம் இவ்வளவு என்று கணக்கும் போட்டிருந்தேன். மேனேஜர் பச்சை மசியில் 'பார்த்தேன்' என்று எழுதித் தேதி போட்டார். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, ரிப்போர்ட் மாஸ்டர் பெயரில் இருக்க வேண்டும், போனது அவரல்லவா, டைப் அடித்து மறுபடி கொடு என்றார். கொடுத்தேன். மாஸ்டருக்கு அந்த வருஷம் ஒரு இன்கிரிமெண்ட் கூடுதலாக வந்தது. டிராவலர் மட்டும் அறுந்து விழும்போதுதான் மாறியது.

எங்கள் மில் இப்போது இல்லை. அந்த இடத்தில் அபார்ட்மெண்ட். புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் வெள்ளையடித்து, விளம்பரத்தில் பாரம்பரியச் சின்னம் என்று போட்டிருக்கிறார்கள். நான் ஆலோசகன் ஆகிவிட்டேன். மில் இல்லாத மில்காரனுக்கு இன்றைய பெயர் அது. போன மாத மாநாட்டுக்கு நானும் கார்டு கொண்டுபோனேன். வீட்டு விலாசம்தான், ஆனால் பேனாவால் எழுதவில்லை, அச்சடித்திருக்கிறேன். அந்த அளவுக்கு முன்னேற்றம்.

அரங்கத்தில் சுவரளவு எல்.இ.டி. திரை. மேடையில் மேசை, மைக் எதுவும் இல்லை, கல்யாண ரிசப்ஷன் மாதிரி சோபாக்கள். நிகழ்ச்சி நிரலில் காலை பதினொன்றுக்கு 'ஃபயர்சைடு சாட்' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஞ்சு மில்லில் பிழைத்தவன் நெருப்பு என்ற சொல்லைக் கேட்டால் முதலில் மணல் வாளியைத் தேடுவான். ப்ளோ ரூமில் ஒரு கல், ஒரு ஆணி, ஒரு பொறி போதும், மிக்சிங்கே போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், இரண்டு பேர் சாவகாசமாகப் பேசிக்கொள்வதற்கு அப்படிப் பெயர் என்று விளக்கினாள். பேசினார்கள். சஸ்டெயினபிலிட்டி, டிரேசபிலிட்டி, டேட்டா. அரை மணி நேரத்தில் பஞ்சு என்ற சொல் ஒருமுறை வந்தது, அதுவும் 'பஞ்ச் லைன்' என்று ஒருவர் சொன்னது எனக்கு அப்படிக் கேட்டதுதான்.

பிறகு விருதுகள். சிறந்த தரம், சிறந்த புதுமை, பசுமை, வளர்ந்துவரும் மில், வளர்ந்துவிட்ட மில். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பான்சர், ஒரு கண்ணாடிக் கேடயம், ஒரு போட்டோ. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு மில்லுக்குக் கொடுத்தார்கள். வந்திருந்த மில்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். பெயர், லோகோ, முதலாளி படம் எல்லாம் திரையில் பத்தடி உயரத்துக்கு வந்தன. அறுப்பு எத்தனை என்று மட்டும் எதிலும் இல்லை. 31-ஆம் நம்பரை எவ்வளவோ தேடினேன். கடைசி மில் என்று ஒன்றே இல்லாத தொழிலாகிவிட்டது இது.

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் ஒரு பையன் நின்றான். கேடயம் வாங்கிய ஒரு மில்லில் குவாலிட்டி பார்க்கிறவன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. போனில் அவர்கள் மில்லைக் காட்டினான். இப்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்சார், எந்த ஸ்பிண்டிலில் நூல் அறுந்தாலும் அந்த விநாடியே தெரியும். பிரேமில் வேலை பார்க்கிற ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளுக்கு விளக்கு எரிந்து காட்டும். ஸ்டாப் வாட்ச் இல்லை, அட்டை இல்லை. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள், வைகாசி மழைக்குப் பிந்தின காடு மாதிரி.

"ஒண்ணுகூடச் செவப்பு இல்லையே கண்ணு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். முன்னால் நின்றவர் பனீரில் மும்முரமாக இருந்தார்.

"லிமிட்டை ஏத்தி வெச்சுட்டமுங்க சார். செவப்பு வந்தா மொதலாளி போனுக்கும் அலாரம் போயிருது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடறாருங்க."

"எத்தனைக்கு ஏத்துனீங்க?"

சொன்னான். நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க டைம்ல எப்பிடிங்க சார் பண்ணுவீங்க, இதெல்லாம் இல்லாம?"

"பன் வாங்கிக் குடுப்போம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்தான்.

வரிசை நகர்ந்தது. ரசத்துக்குப் பக்கத்தில் நின்றபோது, டிராவலர் எத்தனை நாளுக்கு ஒருக்கா மாத்தறீங்க என்று கேட்டேன். அவன் உடனே கரண்டியை வைத்துவிட்டுப் போனைத் தடவினான். ஒரு பக்கம் போனான், திரும்பினான், இன்னொரு பக்கம் போனான். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"அந்த மாட்யூல் நாங்க இன்னும் வாங்கலீங்க சார்" என்றான்.

என் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பி, க்யூ.ஆர். கோடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.